வைப்ரேட்டர் மோட்டாரின் எம் 16 போல்ட் அடிக்கடி முறிகிறது: 8.8-க்குப் பதில் 12.9 போடலாமா?

கிரஷர் பராமரிப்பு:

அனைவருக்கும் வணக்கம். கருங்கல் ஜல்லி உடைக்கும் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பணியைக் கவனித்து வருகிறேன். ஹாப்பருக்கு அடியில் இருக்கும் ஃபீடரை அதிரவைக்கும் வைப்ரேட்டர் மோட்டார், நான்கு எம் 16 போல்ட்களால் ஓர் இரும்புத் தகட்டின் மேல் பொருத்தப்பட்டுள்ளது. மோட்டாரின் பெயர்ப்பலகையில் மையவிலக்கு விசை 20 கிலோநியூட்டன் என்று இருக்கிறது. போல்ட்கள் 8.8 தரத்தவை, தலையில் முத்திரையும் தயாரிப்பாளர் அடையாளமும் உள்ளன. புதிதாகப் போட்டுச் சில வாரங்கள் ஓடியதும் ஒன்று முறிந்துவிடுகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த ஷிஃப்டு முடிவதற்குள் இன்னொன்றும் போய்விடுகிறது.

முறிவு எப்போதும் நட்டின் முகத்தை ஒட்டிய மரையில்தான் நிகழ்கிறது. முறிந்த முகத்தில் முக்கால் பங்கு வழவழப்பாக இருக்கிறது. ஒரு விளிம்பிலிருந்து விரிந்து செல்லும் மெல்லிய வளைகோடுகள் அதில் தெரிகின்றன. எஞ்சிய கால் பங்கு சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக உள்ளது. போல்ட் நீண்டதற்கோ இடை மெலிந்ததற்கோ அடையாளம் எதுவும் இல்லை.

முதலாளி 12.9 தரப் போல்ட் வாங்கிப் போடச் சொல்கிறார். விலை வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. ஆலை நின்றால் ஆகும் இழப்புதான் பெரிது. போடலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய பட்டறை:

தாராளமாகப் போடலாம். 8.8 என்றால் 800 மெகாபாஸ்கல் இழுவலிமை, 12.9 என்றால் 1200. ஒன்றரை மடங்கு வலிமை கிடைக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது? அதோடு ஒவ்வொரு நட்டுக்கும் அடியில் ஸ்பிரிங் வாஷர் இரண்டிரண்டாகப் போட்டு, மேலே செக் நட்டும் வைத்து இறுக்குங்கள். அப்படியும் கழன்றால் நட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு வெல்டு வைத்துவிடுங்கள். எங்கள் பகுதியில் பாதிக் கிரஷர்கள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இழுவிசை:

பட்டறை ஐயா சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இந்தக் கேள்வி வேறு வேறு இயந்திரங்களின் பெயரில் மீண்டும் மீண்டும் கேட்கப்படுகிறது.

கேள்வி கேட்டவர் முறிந்த முகத்தை இவ்வளவு நுணுக்கமாக விவரித்ததே பாதி விடையைத் தந்துவிட்டது. அளவுக்கு மீறிய இழுவையால் அறுந்த போல்ட் இடை மெலிந்து, கிண்ணமும் கூம்புமாகப் பிரிந்திருக்கும். இறுக்கும்போதே முறுக்கி அறுத்திருந்தால் முகத்தில் சுழல் வடிவக் கீறல் தெரியும். வழவழப்பான பரப்பும் வளைகோடுகளும், ஒரு சிறு விரிசல் ஒவ்வொரு அதிர்விலும் மயிரிழை மயிரிழையாக உள்ளே நகர்ந்து சென்றதன் தடயங்கள். இது அயர்ச்சி முறிவு. பட்டறை வழக்கில் ஃபெட்டீக். முக்கால் பங்கு இப்படித் தின்னப்பட்ட பிறகும் எஞ்சிய கால் பங்கு தாங்கி நின்றிருக்கிறது என்றால், அந்தப் போல்ட்டின் மேல் வந்த சுமை அதன் வலிமைக்கு வெகு கீழே இருந்திருக்கிறது என்று பொருள். ஆக, வலிமைக் குறைவு இங்கே நோயே அல்ல.

முறிந்த இடமும் எதிர்பார்த்த இடமே. நட்டுக்குள் இருக்கும் மரைகள் சுமையைச் சமமாகப் பகிர்வதில்லை. தாங்கும் முகத்தை ஒட்டிய முதல் மரை மட்டுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. மரையின் அடிப்பள்ளத்தில் தகைவு (ஒரு சதுர மி.மீ. பரப்புக்கு வரும் விசை) குவிவதும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

அயர்ச்சியைத் தாங்கும் எல்லை போல்ட்டின் தரத்தைப் பொறுத்து உயர்வதில்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. போல்ட் இணைப்புக் கணக்குக்கான ஜெர்மனியின் வி.டி.ஐ. 2230 வழிகாட்டி, உருட்டி மரையிட்டுப் பிறகு வெப்பப் பதனம் செய்த போல்ட்களுக்கு ஒரே சூத்திரத்தைத்தான் தருகிறது: 150-ஐ விட்டத்தால் வகுத்து, 45-ஐக் கூட்டி, 0.85-ஆல் பெருக்க வேண்டும். எம் 16-க்கு விடை ஏறத்தாழ 46 மெகாபாஸ்கல் வீச்சு, அதாவது தகைவு சராசரியிலிருந்து மேலும் கீழும் ஏறி இறங்கலாகும் அளவு. 8.8 ஆனாலும் 12.9 ஆனாலும் இதே 46 தான், ஏனெனில் அந்தச் சூத்திரத்தில் தரம் என்ற உறுப்பே கிடையாது. வலிமை கூடக் கூட எஃகு மரைப்பள்ளத்தின் கூர்மைக்கு மேலும் எளிதில் இரையாகிறது. கூடிய வலிமையில் கிடைத்த ஆதாயம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

பழைய பட்டறை:

ஏட்டுக் கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் 12.9 போட்ட பிறகு முறிவு நின்றுபோன இயந்திரங்களை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்?

இழுவிசை:

நல்ல கேள்வி ஐயா. நீங்கள் பார்த்ததும் உண்மையாகவே இருக்கலாம். 12.9 போல்ட்டை அதற்குரிய விசையில் இறுக்கினால் பிடி, அதாவது தகடுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும் விசை, கூடும். பிடி கூடினால் போல்ட்டின் மேல் வரும் ஏற்ற இறக்கம் குறையும். முறிவை நிறுத்தியது கூடுதல் பிடிதானே ஒழிய, கூடுதல் வலிமை அல்ல. பழைய ஸ்பேனரும் பழைய கையுமாக, அதே முறுக்கு விசையில் 12.9-ஐ இறுக்கினால் கிடைக்கும் பிடி 8.8-இல் கிடைத்த அதே பிடிதான். முறுக்கு விசையைப் பிடியாக மாற்றுவது உராய்வும் மரையின் வடிவமுமே, அவற்றில் போல்ட்டின் தரத்துக்கு இடமில்லை.

இந்த மோட்டாரின் எண்களையே எடுத்துக்கொள்வோம். எம் 16-இன் தகைவுப் பரப்பு (மரையுள்ள இடத்தில் சுமை தாங்கும் குறுக்குவெட்டு) 157 சதுர மி.மீ.; 8.8 தரத்தின் நிரூபணச் சுமை (நிரந்தரமாக நீளாமல் போல்ட் தாங்கும் சுமை) 91 கிலோநியூட்டன். அதில் முக்கால் பங்கு, அதாவது 68 கிலோநியூட்டன், வழக்கமான இறுக்கம். மோட்டாரின் 20 கிலோநியூட்டன் விசை சுழன்றுகொண்டே இருப்பது. ஒரு கணம் மோட்டாரைத் தகட்டிலிருந்து மேலே பிரிக்கப் பார்க்கும், மறுகணம் பக்கவாட்டில் தள்ளும். தள்ளும்போது விசை அச்சின் உயரத்தில் செயல்படுவதால் மோட்டாரைச் சாய்க்கவும் பார்க்கும். எனவே மோசமான இடத்தில் உள்ள போல்ட்டுக்கு 10 கிலோநியூட்டன் இழுவை என்று வைத்துக்கொள்ளலாம்.

பிடி முழுமையாக இருக்கும்போது அந்தப் பத்தும் போல்ட்டுக்குப் போவதில்லை. அழுந்தியிருக்கும் தகடுகள் சற்றே தளர்ந்து பெரும்பகுதியை வாங்கிக்கொள்கின்றன. போல்ட்டுக்கு வருவது ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால் 2 கிலோநியூட்டன். அது பூஜ்யத்துக்கும் இரண்டுக்கும் இடையே ஊசலாடினால் வீச்சு 1 கிலோநியூட்டன், அதாவது 6 மெகாபாஸ்கல். 46 என்ற எல்லைக்கு அருகில்கூட வராது. இப்படி இருந்தால் போல்ட் முறியவே முறியாது. பிடி போய்விட்டால் பத்தும் நேராகப் போல்ட்டுக்கு வந்து வீச்சு 32 மெகாபாஸ்கல் ஆகிறது. இதுவும் எல்லைக்குள்தானே என்று தோன்றும். ஆனால் பிடி தளர்ந்த மோட்டாரின் கால் பக்கவாட்டில் நழுவத் தொடங்கும். நழுவும் கால் போல்ட்டை இப்படியும் அப்படியும் வளைக்கும். நழுவல் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் போதும், இவ்வளவு குட்டையான போல்ட்டில் அந்த வளைவுத் தகைவு மட்டுமே 46-ஐத் தாண்டிவிடும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிக்கிற அதே வேலையை மோட்டார் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை செய்துகொண்டிருக்கிறது.

ஆகவே கிரஷர் பராமரிப்பு அவர்களுக்கு என் கேள்விகள் இவை: மோட்டாரின் காலுக்கும் தகட்டுக்கும் இடையே பெயின்ட் இருக்கிறதா? போல்ட்டை எதனால், எவ்வளவு இறுக்குகிறீர்கள்? காலின் தடிமனும் தகட்டின் தடிமனும் எவ்வளவு? ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய பிளேடுகள்) வைத்துப் பார்த்தால் நான்கு கால்களும் சமமாக அமர்கின்றனவா?

உலோகக்கூடம்:

கணக்குக்குள் நான் போகவில்லை, 12.9 பற்றி உலோகவியல் நோக்கில் ஓர் எச்சரிக்கை மட்டும்.

8.8 தரத்தின் கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் 22-க்கும் 32-க்கும் இடையே இருக்கும். 12.9 தரத்துக்கு அது 39 முதல் 44 வரை. 39-ஐத் தாண்டிய எஃகில் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை பெறுகிறது. கறுப்பு நிறத்தில் வரும் 12.9 ஆலன் போல்ட் துருப்பிடிக்கிறதே என்று உள்ளூர் முலாம் கூடத்தில் கொடுத்து ஜிங்க் முலாம் பூசி வாங்குவது நம் ஊரில் சர்வசாதாரணம். அமிலத்தில் கழுவும்போதும் மின்முலாம் பூசும்போதும் ஹைட்ரஜன் உள்ளே புகும். அதை வெளியேற்ற, முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீண்ட நேரம் வைத்திருக்க வேண்டும். சிறிய முலாம் கூடங்களில் இதைச் செய்வோர் அரிது. அப்படிப்பட்ட போல்ட்டை இறுக்கும்போது ஒன்றும் நேராது. ஒருநாளோ இரண்டு நாளோ கழித்து, இயந்திரம் ஓடாமல் நின்றிருக்கும்போதுகூட, தலை தானாகத் தெறித்து விழும்.

கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ - ஓக்லாந்து வளைகுடாப் பாலத்தில் நடந்தது இதற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட சான்று. புதிய கிழக்குப் பகுதியின் ஈ2 தூணில், 2008-இல் பொருத்தப்பட்ட 96 நங்கூரத் தண்டுகளை 2013 மார்ச்சில் இறுக்கினார்கள். 3 அங்குல விட்டமுள்ள, துத்தநாகம் தோய்த்த உயர்வலிமைத் தண்டுகள் அவை. இறுக்கிய சில நாட்களுக்குள் 32 தண்டுகள் முறிந்தன. இறுக்கப்படாமல் இருந்த ஆண்டுகளில் அவற்றின் துளைகளில் நீர் தேங்கியிருந்தது. முறிந்தவற்றைக் கழற்றி மாற்றவும் வழியில்லாமல் போனதால், தூணைச் சுற்றி எஃகுச் சேணம் அமைத்துக் கம்பிவடங்களால் இறுக்கி அந்தப் பிடியை ஈடுகட்ட வேண்டியதாயிற்று. அந்தத் தண்டுகள் 12.9-ஐ விட வலிமை குறைந்தவை என்பதைக் கவனிக்கவும். நீர் தெளித்துத் தூசியை அடக்கும் கிரஷரில், ஈரம் படும் இடத்தில், 12.9 போல்ட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிரஷர் பராமரிப்பு:

இவ்வளவு விரிவான பதில்களுக்கு நன்றி. கேட்ட விவரங்களைத் தருகிறேன்.

தகடு 12 மி.மீ., மோட்டாரின் கால் 20 மி.மீ. தகட்டின் மேல் பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் இருக்கிறது. மோட்டாரின் காலடியிலும் தயாரிப்பாளரின் பெயின்ட் உள்ளது. முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச் எங்களிடம் இல்லை. ரிங் ஸ்பேனரில் குழாயைச் செருகி ஆள் பலத்தால் இறுக்குகிறோம். மரையில் எண்ணெய் விடுவது சில சமயம் உண்டு, சில சமயம் இல்லை. அது அன்று வேலைக்கு வருபவரைப் பொறுத்தது. ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தபோது, எப்போதும் முதலில் முறியும் போல்ட் இருக்கிற அந்தக் காலுக்கு அடியில் அரை மி.மீ. பிளேடு தடையில்லாமல் உள்ளே போகிறது. வெல்டு செய்தபோது தகடு வளைந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இழுவிசை:

அரை மி.மீ. இடைவெளி! மற்றவை அனைத்தையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அந்தக் காலில் நீங்கள் கொடுக்கும் இறுக்கத்தின் ஒரு பகுதி, காலையும் தகட்டையும் வளைத்து ஒன்றோடொன்று சேர்ப்பதிலேயே செலவாகிறது. வார்ப்பிரும்புக் கால் என்றால் அதுவே ஒருநாள் விரியலாம். தகட்டைக் கழற்றி மில்லிங் செய்து சமப்படுத்துவது உத்தமம். அதற்கு வழியில்லை என்றால், எந்திரத்தில் சமப்படுத்திய தனித் தகடு ஒன்றை இடையில் வைத்து வெல்டு செய்து, வெல்டு ஆறிய பிறகு மீண்டும் சமம் பாருங்கள். இடைவெளியை நிரப்பும் மெல்லிய ஷிம் தகடுகளை அடுக்குவது கடைசி வழி. ஒவ்வொரு ஷிம்மும் அமுங்குவதற்கு இன்னும் இரண்டு பரப்புகளைச் சேர்க்கிறது.

அடுத்தது பெயின்ட். 32 மி.மீ. பிடிநீளம் (கால், தகடு இரண்டின் மொத்தத் தடிமன்) உள்ள போல்ட்டை 68 கிலோநியூட்டனுக்கு இறுக்கும்போது அது நீள்வது வெறும் 0.07 மி.மீ. தான். இந்த நீட்சியில் சேமித்து வைத்திருப்பதுதான் உங்கள் பிடி முழுவதும். மூன்று கோட் பெயின்ட்டும் காலடிப் பெயின்ட்டும் சேர்ந்தால் அந்த நீட்சியை விடத் தடிமனாக இருக்கும். அதிர்விலும் சூட்டிலும் பெயின்ட் நசுங்கி 0.02 மி.மீ. மட்டுமே கீழே இறங்கினாலும், தகடுகளின் சுருக்கத்தையும் கணக்கில் சேர்த்த பிறகு, பிடியில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். நட் ஒரு இழைகூடச் சுழலவில்லை. அடையாளக் கோடு போட்டிருந்தால் அது அப்படியே நேராக இருக்கும். ஆனால் பிடி தளர்ந்திருக்கும்.

நழுவலுக்கு எதிரான கணக்கையும் பாருங்கள். நான்கு போல்ட்களும் சேர்ந்து 272 கிலோநியூட்டன் பிடி. சுத்தமான எஃகுப் பரப்பில் உராய்வுக் குணகம் 0.15 என்று எச்சரிக்கையாகக் கொண்டால் 41 கிலோநியூட்டன் வரை நழுவாது. 20-க்கு அது தாராளம். பெயின்ட் பூசிய பரப்பில் 0.1 என்று கொண்டால் 27 தான். அதில் கால் பங்கு பிடி குறைந்தால் 20.4. விளிம்பில் நிற்கிறீர்கள். இத்தனையும் நான்கு போல்ட்களும் சரியாக 68-க்கு இறுக்கப்பட்டிருக்கின்றன என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. கைப்பலத்தில் இறுக்கும்போது ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் வருவது மிகச் சாதாரணம்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறத்தாழ பாதி நட்டின் முகத்து உராய்வுக்கும், பத்தில் நான்கு பங்கு மரை உராய்வுக்கும் போய்விட, மீதிப் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. உலர்ந்த மரையில் 68 கிலோநியூட்டன் பெற 220 நியூட்டன் மீட்டர் அளவு வேண்டும். அதே 220-ஐ எண்ணெயிட்ட மரையில் கொடுத்தால் பிடி 90-ஐத் தாண்டி நிரூபணச் சுமையையே தொட்டுவிடுகிறது. எண்ணெய் விடுவதும் விடாததும் இரண்டுமே தவறல்ல. இன்று ஒரு விதம், நாளை ஒரு விதம் என்பதுதான் தவறு.

நிலைய அதிகாரி:

ஸ்பிரிங் வாஷர் பற்றிச் சில வரிகள். அந்த வாஷர் 68 கிலோநியூட்டனின் ஒரு சிறு பகுதியிலேயே முழுவதும் தட்டையாகிவிடும். அதன் பிறகு அது ஒரு சாதாரண வாஷர்தான், அதுவும் ஒரு பக்கம் வெட்டுப்பட்ட வாஷர். இரண்டாக அடுக்கினால் அமுங்கும் பரப்புகள் கூடுவதைத் தவிர வேறு பயன் இல்லை. ஜெர்மனியில் இவ்வகை வாஷருக்கான டின் 127 தரநிலையே திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

நட் ஏன் கழல்கிறது என்பதை 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சோதனையால் காட்டினார். எம் 16 மரையின் சரிவு இரண்டரைப் பாகை அளவே. உராய்வுக் கோணம் அதைப் போல் மும்மடங்குக்கு மேல். எனவே நின்ற நிலையில் நட் தானாகச் சுழல முடியாது. ஆனால் இணைப்பு போல்ட்டின் அச்சுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் நழுவும்போது, மரைகளும் நட்டின் முகமும் வழுக்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டிருக்கும் பரப்பில் மற்றத் திசைக்கான உராய்வு எஞ்சுவதில்லை. அந்தக் கணங்களில் நட் சரிவில் இறங்குகிறது. மேலும் கீழுமான அதிர்வை விடப் பக்கவாட்டு நழுவலே நட்டைக் கழற்றும் என்பது அவருடைய முடிவு. இன்றும் பூட்டு வாஷர்களைச் சோதிக்கும் அதிர்வுச் சோதனை அவர் பெயரால்தான் அறியப்படுகிறது.

கழன்ற நட் என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தின் பாட்டர்ஸ் பார் விபத்தை நினைவூட்டலாம். 2002 மே 10 அன்று லண்டனுக்கு வடக்கே அந்த நிலையத்தில் ரயில் தடம்புரண்டு 7 பேர் இறந்தனர். ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்ட்டின் இரு நகரும் தண்டவாளங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டுகளின் நட்கள் கழன்றிருந்தது விசாரணையில் தெரியவந்தது. 2007-இல் கிரேரிக் என்ற இடத்திலும் ஏறத்தாழ அதே உறுப்பு, அதே கதை.

பழைய பட்டறை:

வாஷர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் களத்தில் இருப்பவனின் நிலையையும் சற்றுப் பாருங்கள். கல்தூசி பறக்கும் இடத்தில் டார்க் ரென்ச்சை யார் கையாளப் போகிறார்கள்? வாங்கிக் கொடுத்தாலும் அதை நட் கழற்றவும் சுத்தியலுக்குப் பதிலாகவும் பயன்படுத்தி ஒரே மாதத்தில் கெடுத்துவிடுவார்கள். பூட்டும் பசை, ஆப்பு வாஷர் என்றால் ஸ்டோரில் இருப்பதில்லை. சாதாரண ஸ்பேனரோடு செய்யக்கூடிய வழி எதுவும் இல்லையா?

நாஞ்சில் வடிவமைப்பு:

இருக்கிறது. கட்டட எஃகு வேலையில் உராய்வுப் பிடிப் போல்ட்களுக்கு நாங்கள் பயன்படுத்தும் நட்டைச் சுழற்றும் முறை அதுதான். முதலில் தகடுகள் நன்றாகச் சேரும்வரை ஓர் ஆளின் முழு பலத்தில் இறுக்க வேண்டும். பிறகு நட்டிலும் போல்ட் முனையிலும் தகட்டிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு கிழித்துவிட்டு, குறிப்பிட்ட அளவு மேலும் சுழற்ற வேண்டும். போல்ட்டின் நீளம் விட்டத்தைப் போல் நான்கு மடங்குக்குள் இருந்தால் மூன்றில் ஒரு சுற்று. அதற்கு மேல் எட்டு மடங்கு வரை அரைச் சுற்று. உராய்வு எப்படி இருந்தாலும் சுழற்சிக்கேற்ற நீட்சி வந்தே தீரும் என்பதால் எண்ணெய்ப் பிரச்சினை பெரும்பாலும் ஒழிகிறது. ஆனால் இது போல்ட்டை நிரந்தரமாக நீளும் எல்லைக்குள் கொண்டுபோகும் முறை. உரிய கட்டமைப்புப் போல்ட்டில் மட்டும் செய்ய வேண்டும், அப்படி இறுக்கியதைக் கழற்றினால் மறுபடி போடக்கூடாது. பெயின்ட்டும் இடைவெளியும் இருக்கிற இணைப்பில் இந்த முறை பொய்யான நிறைவையே தரும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பரப்பின் நிலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு எஃகுக் கட்டுமானத்துக்கான நம்முடைய ஐ.எஸ். 800 தரநிலையின் 2007 பதிப்பில் உள்ள நழுவல் குணகங்களைப் பாருங்கள்: பதப்படுத்தாத பரப்புக்கு 0.20, மணல் போன்ற துகள் அடித்துத் துருவை நீக்கிய பரப்புக்கு 0.50, துகள் அடித்துத் துத்தநாகம் தோய்த்ததற்கு 0.10, ஈயச் சிவப்புப் பெயின்ட்டுக்கும் 0.1. அதே போல்ட், அதே இறுக்கம். காலடிப் பரப்பை மட்டும் சுத்தம் செய்தால் தாங்கும் திறன் சில மடங்கு கூடுகிறது.

சாதாரணக் கொட்டகைக் கூரையில் போல்ட்டின் தண்டே துளையின் சுவரில் முட்டிச் சுமையைத் தாங்குவதால், அங்கே பிடியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அந்தப் பழக்கத்தையே அதிரும் இயந்திரத்துக்கும் கொண்டுவருவதால்தான் இந்தத் தொல்லைகள் அனைத்தும் வருகின்றன என்பது என் கருத்து.

கிரஷர் பராமரிப்பு:

தகட்டைச் சமப்படுத்தக் கொடுத்துவிட்டோம். காலடிப் பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கவும் ஏற்பாடு செய்துள்ளேன். மூன்று ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. ஒரு போல்ட் முறிந்தால் நான்கையும் மாற்ற வேண்டுமா? நீளமான போல்ட் போட்டால் நன்மை உண்டா? நட்டைத் தகட்டோடு வெல்டு செய்துவிட்டால் மேலிருந்து இறுக்க வசதியாக இருக்குமே, செய்யலாமா?

இழுவிசை:

நான்கையும் மாற்றுங்கள். ஒன்று முறிவதற்கு முன் மற்ற மூன்றும் அதன் பங்கையும் சேர்த்துச் சுமந்திருக்கின்றன. அவற்றின் முதல் மரையில் விரிசல் தொடங்கியிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. அடுத்த ஷிஃப்டுக்குள் இரண்டாவதும் முறிந்ததாக நீங்கள் எழுதியிருந்தது இதனால்தான்.

நீளமான போல்ட் கட்டாயம் நன்மை தரும்; இந்த உரையாடலிலேயே மிக மலிவான தீர்வு அதுதான். நட்டுக்கும் தகட்டுக்கும் இடையே 50 மி.மீ. நீளமுள்ள, கனத்த சுவர் கொண்ட எஃகுக் குழல் ஒன்றை லேத்தில் இரு முகமும் செங்குத்தாகக் கடைந்து செருகுங்கள். பிடிநீளம் 82 மி.மீ. ஆகும்போது, அதே 68 கிலோநியூட்டனுக்குப் போல்ட் 0.17 மி.மீ. நீள்கிறது. முன்பு கால் பங்கு பிடியைத் தின்ற அதே 0.02 மி.மீ. அமுங்கல், இப்போது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தின்னும். குழலின் முகம் கோணலாக இருந்தால் போல்ட்டுக்கு நாமே வளைவைக் கொடுத்தவர்களாவோம் என்பதால் கடைசலில் கவனம் தேவை.

வெல்டு வேண்டாம். 8.8-க்குரிய நட் பதப்படுத்திய எஃகாக இருக்கலாம். வெல்டின் சூட்டில் அதன் மரை மென்மையாகும், அல்லது ஓரம் கடினமாகி விரியும். சூட்டில் நட் கோணலாகிவிட்டால் முதல் மரையின் ஒரு பக்கத்துக்கே முழுச் சுமையும் போய்ச் சேரும். இறுக்கிய பிறகு பொட்டு வெல்டு வைப்பதும் அப்படித்தான். அது நட் சுழல்வதைத் தடுக்கும், ஆனால் பெயின்ட் அமுங்கிப் பிடி போவதைத் தடுக்காது. தளர்ந்த பிறகு மீண்டும் இறுக்கவும் விடாது.

பதப்படுத்திய கனமான வாஷரைத் தலைக்கும் நட்டுக்கும் அடியில் போடுங்கள். எம் 16 தலையின் தாங்கும் பரப்பும் 157 சதுர மி.மீ. அளவே வருகிறது. 68 கிலோநியூட்டனுக்கு அங்கே அழுத்தம் 433 மெகாபாஸ்கல். மைல்ட் ஸ்டீல் அதைத் தாங்கிக்கொள்ளும். 12.9-ஐ அதன் உரிய இறுக்கமான 114 கிலோநியூட்டனுக்கு இறுக்கியிருந்தால் 726 மெகாபாஸ்கல் ஆகியிருக்கும். தகடு தலைக்கு அடியில் குழிந்து, கூடுதலாகக் கிடைத்த பிடியும் அந்தக் குழியிலேயே போயிருக்கும்.

உலோகக்கூடம்:

புதுப் போல்ட் வாங்கும்போது ஒரு கவனம். பழையதைக் கையில் எடுத்துப்போய், கடையில் உள்ளவற்றோடு ஒத்துப்பார்த்து வாங்குவது நம் வழக்கம். 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தில், பர்மிங்காமிலிருந்து மாலகா செல்லும் வழியில், விமானி அறையின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது இந்த வழக்கத்தால்தான். மாற்றிய 90 போல்ட்களில் 84 போல்ட்கள் 0.026 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக, விட்டம் சிறுத்தவை. மற்ற ஆறும் நீளம் குறைந்தவை. கழற்றிய பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டுக் கையிருப்பிலிருந்து எடுத்தவை அவை. பாதி உடல் வெளியே இழுக்கப்பட்ட கேப்டனைச் சகபணியாளர்கள் பிடித்துக்கொண்டதால் அவர் உயிர் பிழைத்தார்.

எனவே தலையில் தர எண்ணோடு தயாரிப்பாளர் அடையாளமும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். நட்டையும் மறந்துவிட வேண்டாம்: 8.8 போல்ட்டுக்கு 8 தர நட். தரம் குறைந்த நட்டைப் போட்டால் போல்ட் அறுவதற்குப் பதிலாக நட்டின் மரை வழித்துக்கொண்டு வரும். போல்ட் அறுந்தால் சத்தமும் கொடுக்கும், கண்ணுக்கும் தெரியும். மரை பாதி வழிந்த நட்டோ வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஒழுங்காக அமர்ந்திருப்பது போலவே இருக்கும்.

நாஞ்சில் வடிவமைப்பு:

இறுக்கி முடித்ததும் மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, மறுபடி ஒருமுறை இறுக்கத்தைப் பாருங்கள், மறுநாளும் ஒருமுறை. பரப்புகள் அமுங்குவதில் பெரும்பகுதி தொடக்க ஓட்டத்திலேயே முடிந்துவிடும். குழல் செருகிய பிறகு, நட்டுக்கு வெளியே குறைந்தது இரண்டு மரைகளாவது நீட்டிக்கொண்டிருக்கும்படி போல்ட்டின் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். நட்டின் மறுபக்கத்திலும், அதாவது அதன் தாங்கும் முகத்துக்கும் போல்ட் தண்டில் மரை முடியும் இடத்துக்கும் நடுவே, சில மரைகள் வெறுமையாக இருக்க வேண்டும். மரை முடியும் இடம் நட்டின் முகத்தோடு ஒட்டினால் அங்கேயும் தகைவு குவிந்து அடுத்த முறிவு அங்கிருந்து தொடங்கும்.